பார்த்து அமுக்கு

எங்கள் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து வாசல் பெருக்குகிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் ‘நிதானம்’தான். முதலாளி கூப்பிட்டால் வெறும் நிதானம், நாங்கள் கூப்பிட்டால் நிதானம் அண்ணன். வருகைப் பதிவேட்டில்கூட முதலாளியின் மச்சான் ஒருமுறை அப்படியே எழுதிவிட்டான். அவர் அதைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார், பிறகு அதற்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவரைப் பற்றி உருகி உருகி எழுதப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்கிற ஒருவரோடு ஒரே அறையில் இரண்டு வருடம் குப்பை கொட்டிப் பார்த்தால்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய இம்சை என்று. அவர் வேலைக்குப் பக்கத்தில் வைத்தால் நம் வேலை எப்போதும் அரைகுறையாகத்தான் தெரியும். திட்டவாவது மாட்டாரா என்று இருக்கும். திட்டமாட்டார். நாம் விட்ட தப்பைச் சத்தமில்லாமல் திருத்தி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் பிரேம் அலமாரிகள், மாடியில் கண் பரிசோதனை, பின்பக்கம் லென்ஸ் அறுத்துத் தேய்க்கிற அறை. மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஓர் அறையில் கம்ப்யூட்டர். கடையிலேயே ஏசி இருந்த ஒரே இடம் அதுதான். அதுவும் மெஷினுக்காக, மனுஷனுக்காக இல்லை.

நிதானம் அண்ணன் கடைக்கு வந்தது லென்ஸ் தேய்க்கத்தான். பதினாலு வருடம் தேய்த்தார். அவருடைய சொந்தக் கண்ணே படுமோசம். வலதில் மைனஸ் ஆறரை, இடதில் மைனஸ் ஏழு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அது இரண்டு மாதம் அட்டைப்பெட்டியோடு அப்படியே கிடந்ததாம். கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று ஒருத்தரும் கிட்டே போகவில்லை. இவர்தான் பெட்டியைப் பிரித்து, கூட வந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, புரோகிராம் போட்டுக் கொடுக்க வந்தவனிடம் கேட்டுக் கேட்டு அவன் உயிரை வாங்கிக் கற்றுக்கொண்டார். மெஷின் சரியாகப் பதிகிறதா என்று பார்க்க, முதல் ஆளாகத் தன்னுடைய பெயரையும் தன்னுடைய பவரையும் அடித்துப் பார்த்தார். வாடிக்கையாளர் எண் ஒன்று அவர்தான். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரியும்.

அதற்குப் பிறகு அட்டைகள். கண் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் மாடியில் டாக்டர் ஓர் அட்டை எழுதுவார். பரணில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருந்த பழைய அட்டைகளையும், அன்றன்றைக்கு வருகிற புது அட்டைகளையும் ஆறு வருடமாக அவர் ஒருவரே அடித்து ஏற்றினார். முப்பத்தோராயிரம் பேர். ஒரு மைனஸைப் பிளஸாக அடித்துவிட்டால் எங்கேயோ ஒரு ஆள் படியில் தடுக்கி விழுவான் என்பார். ஒவ்வொன்றையும் அடித்து, அட்டையோடு விரல் வைத்து ஒத்துப் பார்த்து, பிறகுதான் பொத்தானைத் தொடுவார். “பார்த்து அமுக்கு தம்பி. அமுக்கினது அமுக்கினதுதான்.” இதை எனக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லுவார்.

நான் கவுண்டரில் நின்றவன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. காலையிலிருந்து கடை மூடும்வரை நின்றபடியே, மூஞ்சியில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, இந்த பிரேம் உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று பார்க்கிற முகத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். கெண்டைக்கால் நரம்பு கயிறு மாதிரி புடைத்துவிட்டது. அதனால் அவருக்குத் துணையாக உள்ளே போட்டார்கள். ஆனால் அந்த அறையில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. நான் ஸ்டூல். என் மனைவி அக்கம்பக்கத்தில் நான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள். நான் பார்த்தது என்னவோ அவருடைய முதுகைத்தான். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். ஒளித்து என்ன ஆகப் போகிறது, சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடமாக அவர் முதலாளியிடம் இன்னொரு ஹார்ட் டிஸ்க் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தனை பேருடைய கண்ணும் ஒரே டிஸ்க்கில் இருக்கிறது, அது போனால் எல்லாம் போய்விடும், மெஷினின் கேபினெட்டுக்குள் இன்னொன்று மாட்டி அதில் ஒரு நகல் வைத்துவிடலாம் என்பது அவர் வாதம். ஒவ்வொரு தடவையும் முதலாளி, உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று விரட்டிவிடுவார். கடைசியில் பழைய டிஸ்க் நிரம்பி, ஒரு ரெக்கார்டைத் தேடி எடுப்பதற்குள் வந்தவர் கொட்டாவி விட்டு முடித்துவிடுகிற நிலை வந்தபிறகுதான் வாங்கிக் கொடுத்தார். ஆக, எல்லாம் நடந்த அன்றைக்கு மாட்டிய டிஸ்க் இவரே கேட்டு வாங்கியது.

மாட்டுவதில்கூட அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் மெஷினை அணைப்பார். பிறகு சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் செருகாத குறையாகப் பத்திரமாக வைப்பார். பிறகு கரண்ட் இல்லாத மெஷினின் பொத்தானை ஒருதடவை அமுக்குவார், உள்ளே மிச்சம் மீதி இருந்தால் போகட்டும் என்று. கேபினெட்டின் தகரத்தைப் புறங்கையால் தொடுவார். கழற்றிய திருகுகளைக் காகிதத்தில் வட்டம் போட்டு, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த வட்டத்தில் வைப்பார். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு வயதாகிவிடும்.

அந்தக் காலத்து டிஸ்க்குகளின் முதுகில் அரிசி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், ஜம்பர் என்று பெயர். பழையதை மாஸ்டர் ஆகவும் புதியதை ஸ்லேவ் ஆகவும் அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒயரில் இரண்டு பேர் தொங்கினால் ஒருத்தர் முதலாளி, ஒருத்தர் அடிமை, இரண்டு பேரும் முதலாளி என்றால் மெஷின் எழுந்திருக்காது என்று எனக்கு விளக்கினார். எங்கள் கடையில் முதலாளியும் மச்சானுமாக இரண்டு பேர் இருந்தும் தினமும் காலையில் எழுந்துகொண்டுதானே இருந்தது என்று சொன்னேன். சிரித்தார். ஜம்பரைச் சாமணத்தால் எடுத்து மாற்றினார், டிஸ்க்கைப் பழையதற்குக் கீழே தட்டில் தள்ளினார், பக்கத்துக்கு இரண்டு திருகு போட்டார், பட்டை ஒயரின் சிவப்பு ஓரம் கரண்ட் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துச் செருகினார். அதுவரை ஒரு குறையும் இல்லை.

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. புது டிஸ்க்கைத் தயார் செய்து முடிக்கும்வரை பழையதன் ஒயரைக் கழற்றி வைத்துவிடுவார். புதிதின் வேலை முடிகிற வரை பழசு கண்ணை மூடிக்கொண்டு இருக்கட்டும் என்பார். அன்றைக்கு அதற்கு விடவில்லை. ஒரு பெரிய ஆலையிலிருந்து, தொழிலாளிகள் அத்தனை பேருக்கும் கண்ணாடி போடுவது பற்றிப் பேச ஓர் அதிகாரி வந்திருந்தார். அவருக்குக் கம்ப்யூட்டரைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ள வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. கழற்றி மாட்டி நேரத்தைத் தின்னாதே, அரைமணியில் மெஷின் ஓட வேண்டும் என்று வாசலிலிருந்தே கத்திவிட்டுப் போனார். இவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வழக்கத்தை விட்டார்.

மெஷினைப் போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முன்பக்கத்தில் பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். புது டிஸ்க்கைத் தயார் செய்கிற புரோகிராமைத் திறந்து வைத்துவிட்டு, போகும்போது என்னிடம் மூன்றே மூன்று விஷயம் சொன்னார். முதல் மெனுவில் ஐந்து அமுக்கிப் புது டிஸ்க்கைத் தேர்ந்தெடு. பிறகு ஒன்று. அதற்கடுத்து இன்னொரு மெனு வரும், அதில் இரண்டு. “ரெண்டாவது மெனுல ரெண்டு. ஞாபகம் வெச்சுக்க, பார்த்து அமுக்கு.”

அந்த இரண்டுக்கு என்ன மகத்துவம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் தன் டிஸ்க்குகளுக்கு சி, டி, ஈ என்று வரிசையாக எழுத்துக் கொடுக்கும். பழைய டிஸ்க்கே உள்ளுக்குள் இரண்டு பாகம். சி-யில் மெஷினை ஓட்டுகிற சமாசாரம், டி-யில் முப்பத்தோராயிரம் பேர். புதியதை இரண்டு அமுக்கித் தயார் செய்தால் அது மரியாதையாக வரிசையின் கடைசியில் போய் ஈ என்று நின்றுகொள்ளும். ஒன்று அமுக்கினால் வரிசையில் நடுவே புகுந்து டி-யின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பழைய டி ஓர் அடி பின்னால் தள்ளப்பட்டு ஈ ஆகிவிடும். ஒன்றும் அழியாது. இடம்தான் மாறும்.

ஐந்து அமுக்கினேன். ஒன்று அமுக்கினேன். அடுத்த மெனு வந்தது, விரல் ஒன்றின் மேலேயே இருந்தது, அப்படியே இன்னொரு ஒன்று. மெஷின் அணைந்து எழுந்தபோது டி தயாராக இல்லை என்று காட்டியது. அப்படியென்றால் டி-தான் புதுசு என்று முடிவு செய்து, அதையே ஃபார்மேட் செய்து, அதாவது வெறுமையாக்கித் தயார் செய்து, முடித்தேன். நான் செய்தது அதன் வழியில் சரிதான். அவர் திரும்பி வந்து, இரண்டாவது மெனுவில் இரண்டுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போது அது பொய்கூட இல்லை, என்ன அமுக்கினேன் என்றே நான் கவனிக்கவில்லை.

அவர் கேபினெட்டை மூடிக் கடைசித் திருகைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே முதலாளி அந்த அதிகாரியை அழைத்துக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார். பின்னால் மச்சான், லென்ஸ் அறையின் அக்கா, கவுண்டர் ஆட்கள் என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எங்களிடம் முப்பத்தோராயிரம் பேருடைய கண் இருக்கிறது, எந்தப் பெயரை வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றார் முதலாளி. அதிகாரி தன் மாமனார் பெயரைச் சொன்னார். அண்ணன் புரோகிராமைத் திறந்தார். மொத்த வாடிக்கையாளர்கள் என்று இருந்த இடத்துக்கு நேரே ஒரு பூஜ்யம் இருந்தது.

அவர் மறுபடி திறந்தார். பூஜ்யம். டி-க்குள் போய்ப் பார்த்தார். துடைத்துவிட்ட தரை மாதிரி இருந்தது. மெதுவாகத் திரும்பி என்னிடம், எதை ஃபார்மேட் பண்ணினாய் என்று கேட்டார். டி என்றேன். அந்த நிமிடத்தில் அவர் மனதில் ஓடியது எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது. நான் இரண்டு அமுக்கியதாகச் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் டி என்பது பழையது. பழையதை நான் துடைத்துவிட்டேன்.

 அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார். யார் செய்தது இது என்று முதலாளி கேட்டார். நான் என் கைகளைப் பார்த்தேன்.

“நான்தான் பண்ணேன்” என்றார் நிதானம் அண்ணன். ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கிறேன், ஏதாவது வழி இருக்கும் என்று கேட்டார். இனி அந்த மெஷினில் கை வைத்தால் கை இருக்காது என்று முதலாளி சொல்லிவிட்டார். மச்சான் அவருடைய சாமான் பெட்டியைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு திருப்புளியையும் எடுத்துப் பார்த்து, கடைச் சாமான் எதுவும் போகிறதா என்று சோதித்தான். வட்டம் போட்டு வைத்திருந்த காகிதம் காலில் மிதிபட்டது. இருபது வருடம் வேலை பார்த்த ஆள். ஐம்பதுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு நகரும்போது முதலாளி நிறுத்தினார்.

“கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுப் போ. அது கடை பிரேம்.”

 அவர் கழற்றினார். வழக்கம்போல் சட்டை நுனியால் துடைத்தார், மேசை எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்து அதன்மேல் வைத்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அலமாரிகளுக்கு நடுவில் நடந்தார். ஒரு கண்ணாடி அலமாரியில் தோள் இடித்தது. மன்னிச்சுக்குங்க என்றார், ஆள் என்று நினைத்து. லென்ஸ் அக்கா கையைப் பிடிக்கப் போனாள். முதலாளி திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் போகவே இல்லை. நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது அவர்மேல் இரக்கம் வந்தது உண்மை. அதைவிட, காலியான நாற்காலி கண்ணில் பட்டதும் உண்மை.

அன்று சாயங்காலம் கடைக்குப் போன் வந்தது. முதலாளி கடுகடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். நான்தான் எடுத்தேன். எங்கிருந்தோ, தெருச் சத்தத்துக்கு நடுவில் நிதானம் அண்ணன் பேசினார். குரலில் மூச்சு வாங்கியது, ஆனால் சந்தோஷமாக இருந்தது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போயிருக்கிறார்.

“தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லு. ரெண்டாவது மெனுல எது அமுக்கின? ஒண்ணு அமுக்கியிருந்தா நல்லது தம்பி. ஒண்ணுன்னா ஒண்ணும் போகல, எல்லாம் பத்திரமா ஈ-ல இருக்கும். நீ ஒண்ணு அமுக்கியிருக்கணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன்.”

இருங்கள் பார்க்கிறேன் என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஈ-யைத் திறந்தேன். இருந்தது. அட்டை அட்டையாக அவர் அடித்த அத்தனையும், ஒரு தூசு கலையாமல். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். கடை வாசல் வரை ஓடிப்போய் யாரிடமாவது சொல்லலாம் என்றுகூட எழுந்தேன். பிறகு உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏசி காற்று கழுத்தில் பட்டது. சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். தப்பு என்னுடையது என்று தெரியும், அவர் திரும்பி வருவார், நான் கவுண்டருக்குப் போவேன், அதுவும் வேலை மிச்சமிருந்தால். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார். அதை நினைத்தபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தப் பொறுமையை இன்னொரு இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது.

ரிசீவரை எடுத்தேன்.

“ரெண்டுதான்ணே அமுக்கினேன். ஈ-லயும் பார்த்துட்டேன். காலியா இருக்கு.”

 “சரி தம்பி. ஒயரைக் கழட்டாம ஆரம்பிச்சது என் தப்பு. நீ மனசைப் போட்டு வருத்திக்காத” என்றார். என்னைத் தேற்றினார். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் மனைவி கடைக்கு வந்தாள். அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, அந்தக் கண்ணாடியை மட்டும் கொடுங்கள், அவரால் தட்டில் இருப்பதுகூடத் தெரியவில்லை என்று கேட்டாள். மச்சான் அவளை மத்தியானம் வரை வாசலில் நிற்கவைத்து, பிறகு லென்ஸைக் கழற்றிக்கொண்டு வந்து இரண்டையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். பிரேம்தான் கடையுடையது, லென்ஸ் உங்களுடையது, நியாயத்துக்கு நாங்கள் குறை வைப்பதில்லை என்றான். அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அடுத்து நான் செய்ததை ஒரு சாமர்த்தியம் என்றே அப்போது நினைத்தேன். முதலாளியிடம் போய், பரணில் அட்டைகள் எல்லாம் இருக்கின்றன, முப்பத்தோராயிரத்தையும் நான் ஒருவனே திரும்ப அடித்து ஏற்றுகிறேன் என்றேன். கூட ஆள் போடுகிறேன் என்றார். வேண்டாம், தப்பு வந்துவிடும் என்று மறுத்துவிட்டேன். மூட்டைகளை அறைக்குள் இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து மாதம் உட்கார்ந்தேன். ஈ-யிலிருந்து வாரத்துக்கு ஆயிரத்து ஐநூறு பேராக எடுத்து, அடித்து முடித்த மாதிரி டி-க்குள் விட்டேன். மிச்ச நேரம் சீட்டு விளையாடினேன், மெஷினிலேயே இருந்தது. வெளியே வரும்போது விரலை நீவிக்கொண்டே வருவேன். ஒருமுறை ஆள்காட்டி விரலுக்குப் பிளாஸ்டர்கூடப் போட்டுக்கொண்டேன். லென்ஸ் அக்கா எனக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். முதலாளி எல்லோர் முன்பாகவும் என் தோளைத் தட்டி, உழைப்பு என்றால் இதுதான், அந்தத் தண்டச்சோறு ஆறு வருடம் இழுத்ததை இவன் ஐந்து மாதத்தில் முடித்துவிட்டான் என்றார்.

கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு அது பிடித்திருந்தது.

நிதானம் அண்ணனைப் பற்றி லென்ஸ் அக்காதான் அவ்வப்போது சொல்வாள். வேறு கண்ணாடிக் கடைகள் எதிலும் சேர்க்கவில்லை, எங்கள் முதலாளி ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டு வைத்திருந்தார். ஒரு துணிக் கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டுக் கட்டுகிற வேலைக்குப் போனாராம். தெருவில் எங்கள் கடைக் கண்ணாடி போட்ட யாராவது எதிரே வந்தால், தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கம் போய்விடுவாராம், அவர்கள் ரெக்கார்டைத் தான் அழித்துவிட்டதாக. அதைவிட வேறொன்று சொன்னாள். அவர் இப்போதெல்லாம் எந்தப் பொத்தானையும் அமுக்குவதில்லையாம். லிப்ட் என்றால் யாராவது வரும்வரை நிற்பார், இல்லையென்றால் படியில் ஏறுவார். போன் எண்ணை மனைவிதான் அமுக்கித் தர வேண்டும். வீட்டு விளக்குக்குக்கூட அவளைக் கூப்பிடுவாராம். லென்ஸ் அக்கா இதைச் சொல்லிச் சிரித்தாள், வேடிக்கை என்று நினைத்து. நானும் சிரித்தேன்.

ஒன்பது வருடம் போனது. நான் மேனேஜர் ஆனேன். மாடிப்படி அறை இப்போது பழைய பெட்டிகள் போடுகிற இடம். கம்ப்யூட்டர்கள் கவுண்டருக்கே வந்துவிட்டன. பழைய ரெக்கார்டுகள் மெஷின் மாறி மெஷின் வந்தன, முதல் எண்ணிலிருந்து ஒன்றுவிடாமல். அதில் ஒன்றை நீக்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

போன மாதம் ஒரு நாள் முற்பகலில் கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பிரேமின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார், ஒரு பக்க லென்ஸ் உடைந்திருந்தது. வேறெங்கும் இந்தப் பவருக்கு லென்ஸ் உடனே கிடைக்கவில்லை, இரண்டு நாளாக ஒரு பக்கம் தெரியவில்லை, அதனால்தான் வந்தேன் என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். முதலாளி இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் நிமிர்ந்தார். நல்லா இருக்கியா தம்பி என்று கேட்டார். உட்காரச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் புதிது, அவரைத் தெரியாது. பெயர் கேட்டாள். சொன்னார். எனக்கு அந்தப் பெயரைக் கேட்பதே புதிதாக இருந்தது. அடித்துப் பார்த்துவிட்டு அவள் முகம் மலர்ந்தது.

“உங்க ரெக்கார்டு இருக்கே ஐயா. எண் ஒண்ணு. வலது மைனஸ் ஆறரை, இடது மைனஸ் ஏழு.”

அவர் திரையைப் பார்த்தார். தெரியவில்லை. கவுண்டரில் வயிறு படும்படி குனிந்து, மூக்கு தொடுகிற தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னிடம், எல்லாவற்றையும் நீ அட்டையைப் பார்த்துத் திரும்ப அடித்ததாகத்தானே லென்ஸ் அக்கா சொன்னாள் என்று கேட்டார். ஆமாண்ணே, ஐந்து மாதம் ஆச்சு என்றேன்.

“எனக்கு அட்டை கிடையாது தம்பி. டாக்டர் எழுதவே இல்ல. அது நான் நேரா மெஷின்ல அடிச்சது.”

 கவுண்டர் பெண் ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப ஒண்ணுதான் அமுக்கியிருக்க” என்றார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. “அப்ப யாரோடதும் போகல. முப்பத்தோராயிரமும் இருந்திருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாரோ தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.  பிறகு அந்த ஒன்பது வருடம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வருவதைப் பார்த்தேன். கிடங்கு, படிக்கட்டு, விளக்குக்கு மனைவியைக் கூப்பிட்டது, எல்லாம். நான் காலில் விழுந்திருக்கலாம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

லென்ஸுக்குச் சொல்லிவிடட்டுமா ஐயா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றார்.

“அந்த ஒண்ணாம் நம்பரை எடுத்துடும்மா. நான் இந்தக் கடையில இல்லாம இருக்கட்டும்.”

அழிப்பதற்கு மேனேஜரின் ரகசிய எண் வேண்டும் என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே. விசைப்பலகையை என் பக்கம் திருப்பினாள். எண்ணைப் போட்டேன். அழித்தால் திரும்ப எடுக்க முடியாது, சரியா என்று மெஷின் கேட்டது. நீங்களே அமுக்குங்கண்ணே என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏதோ ஒன்றை அவர் கையில் திருப்பிக் கொடுக்கிற மாதிரி நினைத்திருப்பேன்.

“நான் எதையும் அமுக்கறதில்ல” என்றார் அவர். “நீ அமுக்கு. பார்த்து அமுக்கு தம்பி. அமுக்கினது அமுக்கினதுதான்.”

அமுக்கினேன். நான் அமுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கையால் பிரேமைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு கதவுக்குப் போனார். அந்தப் பெண் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

இப்போது தினமும் காலையில் நான்தான் பட்டியலைத் திறக்கிறேன். அது இரண்டில் தொடங்குகிறது.